தறிக்கூடம் முதல் லாரிப் பட்டறை வரை: சட்டக் கேள்வி – பதில்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்கள் நான்காகச் சுருங்கின. அன்றிலிருந்து சேலம், நாமக்கல் பக்கம் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். முதலாளிகள் எழுதிய கேள்விகள் ஒரு கட்டு, தொழிலாளிகள் எழுதியவை இன்னொரு கட்டு. இந்த ஊர்களில் இன்றைக்கு முதலாளியாக இருக்கும் பலர் நேற்று தறி ஓட்டியவர்கள், வெல்டிங் பிடித்தவர்கள். அதனால் இரண்டு கட்டையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன்.

எங்கள் தறிக்கூடத்தில் 14 பேர். இனிமேல் எங்களுக்குச் சட்டமே கிடையாது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். நிஜம்தானா?
– விசைத்தறி உரிமையாளர், பள்ளிபாளையம்

நண்பர் முதல் வரியைப் படித்திருக்கிறார், இரண்டாவது வரிக்குப் போகவில்லை. மின்சாரத்தில் ஓடும் கூடம் ‘தொழிற்சாலை’ ஆக முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும். மின்சாரம் இல்லையென்றால் 40. அது வரை அவர் சொன்னது சரி. ஆனால் 10 தொழிலாளர் இருந்தாலே நீங்கள் ‘நிறுவனம்’. பதிவு செய்ய வேண்டும், நியமனக் கடிதம் தர வேண்டும், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். 10 பேருக்கு இ.எஸ்.ஐ., பணிக்கொடை இரண்டும் வந்துவிடும். பி.எஃப்., போனஸ் இரண்டுக்கும் 20 பேர். குறைந்தபட்ச ஊதியமும் சம்பளச் சீட்டும் ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் கட்டாயம்.

36 தறி. மனைவி பெயரில் 12, தம்பி பெயரில் 12, என் பெயரில் 12 என்று பிரித்துவிட்டேன். இப்போது ஒரு கூடத்துக்கு ஆறு பேர்தான். பிரச்சினை இல்லையே?
– பெயர் வேண்டாம், குமாரபாளையம்

பாவு எங்கிருந்து வருகிறது? துணி யார் பெயரில் போகிறது? சனிக்கிழமை கூலி யார் கையிலிருந்து வாங்குகிறார்கள்? பழுது பார்க்கும் ஃபிட்டர் மூன்று கூடத்துக்கும் ஒருவரா? அதிகாரி வந்தால் கேட்பது இந்த நான்கு கேள்வியைத்தான். உரிமை, நிர்வாகம், பணம் மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் மூன்று பலகையும் ஒரே நிறுவனம்தான் என்று பி.எஃப். வழக்குகளில் நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அப்படிச் சேர்த்துக் கணக்குப் போடும்போது பழைய பாக்கியும் வட்டியும் சேர்ந்தே வரும். தம்பி உண்மையிலேயே தனியாகத் தொழில் செய்தால் அவருக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி நூல் பில், தனி ஆட்கள் இருக்கட்டும். அப்போது யாரும் உங்களைத் தொட முடியாது.

சம்பளத்தில் பாதி ‘அடிப்படை’யாக இருக்க வேண்டும் என்கிறார்களே, அது என்ன கணக்கு?
– நூற்பாலைக் கணக்காளர், ராசிபுரம்

உங்கள் ஆலையில் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 8,000. வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி என்று மீதி 12,000. புதிய இலக்கணப்படி படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டிய 2,000 ரூபாய் ‘ஊதியம்’ பக்கம் திரும்பிவிடும். ஆகவே அவருடைய ஊதியம் 10,000. பணிக்கொடை ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 8,000 ரூபாய் அடிப்படையில் 46,154 ரூபாய் வந்திருக்கும். இனி 57,692. இந்த வித்தியாசம் அவர் பத்து ஆண்டு நின்று சம்பாதித்தது, படிகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஓராண்டு, இரண்டாண்டு என்று கால வரையறையோடு ஆள் எடுத்தால் அவருக்கு ஓராண்டு முடிந்ததுமே பணிக்கொடை உண்டு. ஐந்தாண்டுக் காத்திருப்பு நிரந்தரத் தொழிலாளிக்குத்தான்.

இ.எஸ்.ஐ. கட்டுவதால் எனக்கு என்ன லாபம்? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அவர்தானே.
– விசைத்தறி உரிமையாளர், இளம்பிள்ளை

கணக்காகவே சொல்கிறேன். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது மாதம் 488 ரூபாய். அவர் பங்கு 0.75 விழுக்காடு, 113 ரூபாய். 

இப்போது இன்னொரு பக்கம். இ.எஸ்.ஐ.யில் இல்லாத ஒருவர், 40 வயது, தறிக்கூடத்தில் மின்சாரம் தாக்கி இறக்கிறார். சட்டப்படி இழப்பீட்டுக் கணக்கு: ஊதியத்தில் பாதி, அதாவது 7,500 ரூபாய். அதை 40 வயதுக்கு அட்டவணை சொல்லும் 184.17-ஆல் பெருக்குங்கள். 13,81,275 ரூபாய். இதைக் கட்ட வேண்டியவர் நீங்கள், உங்கள் கைப்பணத்திலிருந்து. இ.எஸ்.ஐ.யில் அவர் இருந்திருந்தால் இந்தப் பொறுப்பை இ.எஸ்.ஐ. கழகம் ஏற்கும். அந்தக் குடும்பத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். கையில் மொத்தமாகப் பணம் வந்தால் கடன்காரர்கள் வாசலில் நிற்பார்கள். மாதாமாதம் வருவதில் பிள்ளைகள் படிப்பார்கள்.

வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும் புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வேலையில் நடந்த விபத்தாகவே பார்க்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

12 மணி நேர வேலை சட்டமாகிவிட்டதா?
– தறி ஓட்டுபவர், திருச்செங்கோடு

இல்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் உங்கள் சம்மதம் வேண்டும், இரட்டிப்புக் கூலியும் வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேரத்துக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 

ஆனால் விசைத்தறியில் காலை ஆறு முதல் மாலை ஆறு, மாலை ஆறு முதல் காலை ஆறு என்ற ஷிப்ட் எந்தச் சட்டமும் வராமலே எத்தனையோ காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பீஸ் ரேட்டாக மீட்டர் கணக்கில் கூலி வாங்குவதால் ஓவர்டைம் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அது தவறு. பீஸ் ரேட்டுக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலியும் உண்டு. அந்த இரைச்சலில் 12 மணி நேரம் இருபது வருஷம் நின்றவர்களிடம் பேசிப் பாருங்கள். நீங்கள் சொல்வது அவர்கள் காதில் விழ இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முதலாளி செலவில் மருத்துவப் பரிசோதனை என்று புதிய ஏற்பாடு வருகிறது. அதில் காதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையை விட்டுப் போனால் கணக்கை எப்போது முடிப்பது?
– கோழித் தீவன ஆலை மேலாளர், நாமக்கல்

இரண்டு வேலை நாளுக்குள். நீங்கள் நிறுத்தினாலும் சரி, அவராகவே விலகினாலும் சரி. “அடுத்த மாசம் பத்தாம் தேதி வாங்க” என்று சொல்லும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

தறிக்காரருக்கு 60,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். அவர் வேறு கூடத்துக்குப் போகப் பார்க்கிறார். பாக்கியைக் கட்டாமல் போகக் கூடாது என்று சொன்னேன். இது கொத்தடிமையா? நானே கடன் வாங்கித்தான் கொடுத்தேன்.
– விசைத்தறி உரிமையாளர், பள்ளிபாளையம்

வந்த கேள்விகளில் அதிகம் இதுதான். உங்கள் கடைசி வரியை நான் நம்புகிறேன். ஆடி மாதத்தில் ஆள் இல்லாமல் தறி நின்றால் நூல் கடன் வட்டி நிற்காது. அந்தப் பயத்தில்தான் முன்பணம் கொடுக்கிறீர்கள். மகள் சீருக்கோ மருத்துவத்துக்கோ வேறு வழியில்லாமல்தான் அவரும் வாங்குகிறார். இரண்டு பேரும் நல்லவர்களாக இருக்கலாம். அப்படியிருந்தும் உங்கள் கேள்விக்கு விடை ‘ஆம்’ என்ற பக்கம்தான் சாய்கிறது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. சங்கிலி, பூட்டு என்று எதையும் அது தேடுவதில்லை. ஒருவர் முன்பணம் வாங்கியதால் வேறு இடத்தில் வேலை செய்யும் சுதந்திரத்தை இழந்தாரா என்று மட்டும் கேட்கிறது. “பாக்கியைக் கட்டாமல் போகக் கூடாது” என்று நீங்கள் சொன்ன வாக்கியம் அதற்குள் நேராகப் போய் விழுகிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலையே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கில் சொன்னது. குற்றம் உறுதியானால் மூன்று ஆண்டு வரை சிறை. அதைவிட உங்களைப் பாதிக்கும் விஷயம், கொத்தடிமைக் கடன் என்று தீர்மானமாகிவிட்டால் அந்தக் கடனே செல்லாது. 60,000 ரூபாயும் போய்விடும்.

கடன் உங்களுடையது. ஆள் உங்களுடையவர் அல்லர். இந்த வேறுபாட்டைக் காகிதத்தில் காட்டுங்கள்.

எப்படி? முதலில், முன்பணத்தையும் கூலியையும் பிரித்து எழுதுங்கள். இப்போது பல கூடங்களில் ஒரே நோட்டில் பற்று, வரவு, பாக்கி எல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. அவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இரண்டாவது, வாரம் எவ்வளவு கழிப்பது என்று இருவரும் பேசிக் கையெழுத்திடுங்கள். மொத்தப் பிடித்தம் எந்தச் சம்பளத்திலும் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். நான் பாதி வரைக்கும் போக வேண்டாம் என்பேன். வாரம் 500 ரூபாய் என்றால் 60,000 தீர 120 வாரம், இரண்டே கால் வருஷத்துக்கு மேல். அவ்வளவு காலம் ஒரு மனிதரை நகராமல் வைத்திருக்கும் தொகையைக் கொடுத்ததே தவறு என்று இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்றாவது, அவர் போகிறேன் என்றால் போகட்டும். கூலியை இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். மிச்சக் கடனுக்கு ஒரு கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் சிவில் வழக்குப் போடுங்கள். ரேஷன் அட்டை, ஏ.டி.எம். அட்டை, பிள்ளையின் சான்றிதழ் எதையும் வாங்கி வைக்காதீர்கள்.

புதுக் கூடத்துக்காரர் பழைய பாக்கியைக் கட்டி ஆளை ‘எடுத்துக்கொள்வது’ என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அதை இரண்டு முதலாளிகளும் நியாயமான பைசல் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. பணம் கை மாறுகிறது, கூடவே ஒரு மனிதரும் கை மாறுகிறார். அவரைக் கேட்பதில்லை.

இதை ஒரு முதலாளி தனியாகத் தீர்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் கொடுக்காவிட்டால் அடுத்த தெருக்காரர் கொடுத்து ஆளை இழுத்துக்கொள்வார். ஆகவே பள்ளிபாளையம், குமாரபாளையம் உரிமையாளர் சங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை வாரக் கூலிக்கு மேல் முன்பணம் இல்லை என்று ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும். தீபாவளி போனஸுக்குத் தொழிற்சங்கங்களோடு வருஷா வருஷம் உட்கார்ந்து பேசுகிறீர்கள். அதே மேசையில் இதையும் பேசலாம்.

2025 ஜூலையில் இதே பள்ளிபாளையத்திலிருந்து வந்த செய்தியை நாம் மறந்துவிடக் கூடாது. கடனில் மாட்டிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் பேசிச் சிறுநீரகத்தை விற்க வைத்தார்கள் என்ற புகார் அது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குப் போனது. அந்த மாதிரி வீடுகளில் முன்பணப் பாக்கி ஒரு பக்கம், வாரக் கந்துக் கடன் இன்னொரு பக்கம் நெருக்கும். கடன் வசூலில் மிரட்டலையும் வலுக்கட்டாயத்தையும் தடுக்க அதே 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கந்துவட்டிக்கு எதிரான 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வீட்டு வாசலில் வந்து கத்தினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்று உங்கள் தறிக்காரர்களுக்கு நீங்களே சொல்லுங்கள். அவர் நிம்மதியாக இருந்தால் துணியில் அறுகல் விழாது.

பண்ணையில் ஒடிசாவிலிருந்து ஒரு ஜோடி. ஜோடிக் கூலி என்று புருஷன் கையில் ஒரே தொகை கொடுத்துவிடுகிறேன். போதுமா?
– கோழிப்பண்ணை உரிமையாளர், மோகனூர்

போதாது. முட்டை எடுப்பது, தீவனம் போடுவது, செத்த கோழியைப் பொறுக்குவது என்று காலை ஐந்து மணிக்கே கூண்டுக்கு நடுவே நடப்பவர் பல பண்ணைகளில் அந்தப் பெண்தான். உங்கள் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா? சட்டத்தின் கண்ணில் ஜோடி என்று ஒரு ஆள் கிடையாது. இரண்டு பேர், இரண்டு நியமனக் கடிதம், இரண்டு கூலி, முடிந்தால் இரண்டு வங்கிக் கணக்கு. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று வைக்கவும் முடியாது. கூடவே வரும் பிள்ளை ட்ரே தூக்கினால் அது குழந்தைத் தொழிலாளர் வழக்கு. 14 வயதுக்குள் எந்த வேலையிலும் கூடாது. பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், இரண்டே மாதத்தில் தமிழ் பேசிவிடும்.

வெளிமாநிலத் தொழிலாளர் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஊருக்குப் போய்வர ஆண்டுக்கொரு முறை பயணப்படி தர வேண்டும் என்பதும் இப்போதைய சட்டம். அவர்களாகவே வேலை தேடி வந்திருந்தாலும், மாதச் சம்பளம் 18,000 ரூபாய் வரை இருந்தால், புலம்பெயர் தொழிலாளர்தான்.

துணி போட்டு 120 நாள் ஆகியும் வியாபாரி பணம் தரவில்லை. சட்டம் எங்களுக்கு மட்டும்தானா, அவருக்குக் கிடையாதா?
– சிறு உற்பத்தியாளர், வெண்ணந்தூர்

உண்டு. கூர்மையாகவே உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி அதற்கு மேல் போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியும் சேர்ந்துகொண்டது. குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத வியாபாரி, அந்தத் தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் அவரது ஆடிட்டரே அவரை விரட்டுவார்.

இதற்கெல்லாம் முதல் படி உத்யம் பதிவு. ஆதார், பான் இருந்தால் இலவசமாகச் செய்துவிடலாம். 2025 ஏப்ரல் முதல் 2.5 கோடி முதலீடு, 10 கோடி விற்றுமுதல் வரை ‘குறு’ என்பதால் வெண்ணந்தூரில் ஏறக்குறைய எல்லோரும் அதற்குள் வந்துவிடுவீர்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். பணம் வராவிட்டால் சமாதான் இணையதளத்தில் புகார் கொடுங்கள்.

“எண் போட்டால் அடுத்த ஆர்டர் வராது” என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. பதிவு இல்லாதவரிடம் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் பதிவு செய்து பாதிப் பேர் செய்யாமல் இருக்கும் வரைதான் அந்த மிரட்டல் பலிக்கும். உங்களிடம் பாக்கி வைத்தவர் பெரிய கை. உங்களிடம் கூலி பாக்கி வாங்க வேண்டியவருக்கு நீங்கள் பெரிய கை. இரண்டு பாக்கியையும் ஒரே சட்ட உணர்வோடு பாருங்கள்.

வெள்ளிக் கொலுசுக்கு ஹால்மார்க் கட்டாயமா?
– பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

2025 செப்டம்பர் 1 முதல் ஆறு இலக்க அடையாள எண்ணோடு வெள்ளி ஹால்மார்க் வந்திருக்கிறது. விருப்பத்தின் பேரில்தான், தங்கம் போலக் கட்டாயம் இல்லை. ஆனால் தங்கத்துக்கும் முதலில் விருப்பம் என்றுதான் ஆரம்பித்தார்கள். வெளியூர்க் கடைக்காரர்கள் எண் கேட்க ஆரம்பிக்கும் முன் டச் கணக்கை நேர் செய்துகொள்வது நல்லது. பற்றவைக்கும் பொடியில் தரம் குறைந்தால் கொலுசு முழுவதும் குறைந்ததாகத்தான் எண் காட்டும். வீட்டில் வைத்து வேலை செய்து தருபவர்களை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

லாரி பாடி பட்டறை. வெல்டிங், தச்சு, பெயின்ட் எல்லாம் தனித்தனி கான்ட்ராக்ட். ஆட்களுக்கு அவர்கள்தானே பொறுப்பு?
– பட்டறை உரிமையாளர், நாமக்கல்

முதல் பொறுப்பு அவர்களுடையது, கடைசிப் பொறுப்பு உங்களுடையது. ஒப்பந்தத் தொழிலாளர் லைசென்ஸ் வரம்பு 20-லிருந்து 50 ஆக உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் கான்ட்ராக்டர் கூலி தராமல் போனால் நீங்கள் தர வேண்டும். உங்கள் வளாகத்தில் கேபின் மேலிருந்து ஒருவர் விழுந்தால் இழப்பீட்டுக்கு உங்களைத்தான் முதலில் தேடி வருவார்கள். பில் பாஸ் பண்ணும் முன் கான்ட்ராக்டரிடம் போன மாத இ.எஸ்.ஐ. ரசீதைக் கேளுங்கள். இதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

உங்கள் தொழிலைத் தொடும் வேறு இரண்டு மாற்றங்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். என்ஜின் சூட்டில் மகாராஷ்டிரம் வரை ஓட்டிப் போகும் நாமக்கல் டிரைவருக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

விபத்து நடந்து வண்டியை நிறுத்தாமல் போனால் பத்து வருஷம் ஜெயிலாமே?
– டிரைவர், வேலகவுண்டம்பட்டி

பாரதிய நியாய சன்ஹிதாவின் அந்தப் பிரிவு, 106(2), நாடெங்கும் டிரைவர்கள் 2024 ஜனவரியில் போராடிய பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஜூலை 1-இல் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது அது மட்டும் வரவில்லை. அஜாக்கிரதையால் மரணம் என்றால் ஐந்து ஆண்டு வரை தண்டனை என்பது இருக்கிறது. அடிபட்டவரை விட்டு ஓடாதீர்கள். அடிபடுவோம் என்ற பயம் இருந்தால் கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, 108-ஐயும் காவல் நிலையத்தையும் கூப்பிடுங்கள்.

சேகோ ஆலையில் கிழங்கு வரத்து இருக்கும்போதுதான் வேலை. எங்களை நிரந்தரமாக்க முடியுமா?
– தொழிலாளி, ஆத்தூர்

தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம். இது மாநிலச் சட்டம், புதிய தொகுப்புகள் ரத்து செய்த பட்டியலில் இல்லை. ஆனால் சீசன் தொழிலுக்குப் பொருந்தாது. உங்கள் ஆலை உண்மையில் சீசன் ஆலைதானா என்பதை ஆலையின் மின்கட்டணமே சொல்லிவிடும். சீசன் தொழிலாளிக்கும் ஒரு சீசனுக்கு ஏழு நாள் கூலி என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலேறிய தொட்டியில் இறங்கி நின்றவர்களின் வேலை நாள் கணக்கும் அதே அக்கறையோடு எழுதப்பட வேண்டும்.

ஜவுளிக்கடையில் உட்கார நாற்காலி கேட்டால் முறைக்கிறார்கள்.
– விற்பனைப் பெண், சேலம்

கடைகள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம் உங்கள் பக்கம். இருக்கை வைத்தே ஆக வேண்டும். உங்கள் கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்க உள்ளகக் குழுவும் கட்டாயம். இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவில் யார் யார் என்று சுவரில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த கடை என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம்.

இத்தனை வருஷம் பி.எஃப்.பில் சேர்க்காமல் விட்டுவிட்டேன். இப்போது சேர்த்தால் பழசைத் தோண்டுவார்களா?
– ரிக் வண்டி உதிரிபாகப் பட்டறை, திருச்செங்கோடு

அந்தப் பயத்தைப் போக்கத்தான் 2025 நவம்பர் 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை ஒரு சிறப்பு வாய்ப்பை அறிவித்தார்கள். 2017 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரை விடுபட்டவர்களைச் சேர்க்கலாம். தொழிலாளியிடம் நீங்கள் பிடித்தம் செய்திருக்கவில்லை என்றால் அவர் பங்கு தள்ளுபடி. உங்கள் பங்கையும் வட்டியையும் கட்ட வேண்டும், அபராதம் வெறும் 100 ரூபாய். அந்தக் கெடு தாண்டியிருந்தாலும் சேர்க்காமல் இருப்பதைவிடச் சேர்ப்பது மலிவு. ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

பள்ளிபாளையத்து முதலாளிக்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. நான் புகார் கொடுத்தால் இந்த ஊரில் எனக்கு வேறு யார் தறி கொடுப்பார்கள்?
– தறி ஓட்டுபவர், குமாரபாளையம்

அவருக்கு எழுதிய பதிலை மேலே படித்திருப்பீர்கள். உங்கள் கேள்விக்கு முழுப் பதில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஊர் ஒதுக்கினால் அதைத் தடுக்கச் சட்டத்துக்குக் கை நீளம் போதாது. இருப்பதைச் சொல்கிறேன்.

புகாரைத் தொழிலாளர் துறையோடு நிறுத்தாதீர்கள். கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள். கொத்தடிமைச் சட்டத்தில் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் அவருக்கும்தான். விசாரித்து விடுதலைச் சான்று கொடுத்தால் உங்கள் கடன் செல்லாது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழி இருக்கிறது. வழக்கின் தன்மையைப் பொறுத்து ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை மறுவாழ்வு உதவியும் உண்டு. தனியாகப் போகாதீர்கள். அதே கூடத்தில் அதே நிலையில் இருப்பவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள், தொழிற்சங்கக்காரர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒதுக்குவது சுலபம். ஐந்து பேரை ஒதுக்கினால் ஐந்து ஜோடித் தறி நிற்கும்.

போகும் முன் ஒரு வேலை. முதலாளி நோட்டில் உங்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடாவிட்டால், நீங்களே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இந்த வாரத்திலிருந்து தேதி, ஷிப்ட், மீட்டர், கையில் வந்த தொகை, பிடித்த தொகை என்று எழுதத் தொடங்குங்கள். விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான்.